அனுப்புநர் எழுதியதை நம்பும் வலையமைப்பு: ஸ்பூஃபிங் தாக்குதல்கள் நடக்கும் விதம்

வங்கியின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது, நிறுவனத் தலைவரின் முகவரியிலிருந்தே மின்னஞ்சல் வந்தது, அதை நம்பிப் பணம் அனுப்பியவர் ஏமாந்தார் என்று செய்திகள் வரும்போது, படிப்பவர்களுக்கு உடனே எழும் ஐயம் ஒன்றுதான்: வங்கியின் கணினிக்குள்ளோ தலைவரின் அஞ்சல் கணக்குக்குள்ளோ யாரேனும் புகுந்துவிட்டார்களா? பெரும்பாலும் யாரும் எதற்குள்ளும் புகுந்திருப்பதில்லை. அழைப்பவரின் எண், அனுப்புநரின் முகவரி என்று திரையில் தெரியும் விவரத்தைத் தாக்குபவரே தம் விருப்பப்படி நிரப்பி அனுப்பியிருக்கிறார். வழியில் இருந்த இயந்திரங்கள் அதைச் சரிபார்க்காமல் அப்படியே கடத்தியிருக்கின்றன. இந்த வகைத் தாக்குதலையே ஸ்பூஃபிங் என்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது, இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் முழுமையாகத் தடுக்கப்படவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, வலையமைப்புகள் கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

## எது ஸ்பூஃபிங், எது அல்ல

ஒரு தகவல் யாரிடமிருந்து அல்லது எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் விவரத்தைப் பொய்யாக இட்டு, பெறுபவரை நம்பவைப்பது ஸ்பூஃபிங் ஆகும். பெறுபவர் மனிதராகவும் இருக்கலாம், ஒரு ரூட்டராகவோ சர்வராகவோ கப்பலின் திசைகாட்டும் கருவியாகவோ இருக்கலாம். செய்திகளில் இதனுடன் சேர்த்துக் குழப்பப்படும் வேறு இரண்டு சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

1. ஃபிஷிங் என்பது கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண் போன்றவற்றைப் பேசியோ எழுதியோ பறிக்கும் மோசடி. அதற்கு ஸ்பூஃபிங் ஒரு கருவியாகப் பயன்படலாம். ஆனால் தமக்கே சொந்தமான முகவரியிலிருந்து, எந்தப் பொய் விவரமும் இடாமல் ஃபிஷிங் செய்பவர்களும் உண்டு.

2. கணக்குக் கைப்பற்றல் என்பது உண்மையான கணக்கின் கடவுச்சொல்லைப் பெற்று உள்ளே நுழைவது. அங்கிருந்து அனுப்பப்படும் அஞ்சல் உண்மையாகவே அந்தக் கணக்கிலிருந்துதான் செல்கிறது. அதில் போலி அடையாளம் எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவருடைய முகவரியிலிருந்து நண்பர்கள் அனைவருக்கும் சந்தேகத்துக்கிடமான அஞ்சல் சென்றிருந்தால், அவருடைய கணக்கில் ‘அனுப்பியவை’ பகுதியிலும் உள்நுழைவுப் பதிவுகளிலும் தடயம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தடயம் இருந்தால் அது கைப்பற்றல். உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அங்கே எதுவும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஸ்பூஃபிங்காகவே இருக்கும்; அந்நிலையில் கடவுச்சொல்லைப் பத்துமுறை மாற்றினாலும் அஞ்சல்கள் நிற்கப்போவதில்லை, ஏனென்றால் தாக்குபவர் அந்தக் கடவுச்சொல்லைத் தொடவே இல்லை.

பொய் விவரம் இடுவது எல்லாமே குற்றமும் அல்ல. ஒரு நிறுவனத்தின் நூறு ஊழியர்கள் வெளியே அழைக்கும்போது, யார் அழைத்தாலும் நிறுவனத்தின் பொது எண்ணே தெரியும்படி அமைப்பது வழக்கமான ஏற்பாடு. கைப்பேசிகள் வைஃபை தேடும்போது, தம் வன்பொருளின் நிலையான மேக் முகவரியை மறைத்துத் தற்காலிகப் போலி முகவரி ஒன்றைக் காட்டுவதும் அப்படித்தான். 2014இல் ஐஓஎஸ் 8 வழியாக ஆப்பிள் கொண்டுவந்த இந்த வசதி, பயனர்களைக் கடைக்குக் கடை பின்தொடர்வதைத் தடுப்பதற்காக வந்தது. நேர்மையான இத்தகைய தேவைகள் இருப்பதாலேயே, விவரத்தை மாற்றும் வசதியை அடியோடு நீக்கிவிட முடிவதில்லை.

## ஒவ்வொரு வகையையும் அளக்க இரண்டு கேள்விகள்

ஸ்பூஃபிங்கில் பல வகைகள் பட்டியலிடப்படுகின்றன: மின்னஞ்சல், ஐபி, ஏஆர்பி, டிஎன்எஸ், காலர் ஐடி, ஜிபிஎஸ் என்று அது நீளும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

1. ‘யாரிடமிருந்து’ என்ற விவரத்தை எழுதுவது யார், அதைச் சரிபார்க்கும் இடத்தில் யாராவது இருக்கிறார்களா?

2. தாக்குதல் பலிக்க, எதிர்முனையின் பதில் தாக்குபவருக்குத் திரும்பி வர வேண்டுமா?

இரண்டாவது கேள்விதான் பலராலும் கவனிக்கப்படாதது. பொய்யான முகவரியை இட்டு ஒன்றை அனுப்பினால், அதற்கான பதில் அந்த முகவரியின் உண்மையான உரிமையாளருக்கே போகும், தாக்குபவருக்கு வராது. பதில் தேவைப்படும் தாக்குதல்கள் இதனால் கடினமாகின்றன. பதில் தேவைப்படாதவையோ மிக எளிதாகின்றன. பதிலையே ஆயுதமாக்கும் தாக்குதல்களும் உண்டு. அவையே மிகப் பெரியவை.

## மின்னஞ்சல்: இரண்டு முகவரிகள், ஒரு திரை

மின்னஞ்சலைச் சர்வரிலிருந்து சர்வருக்குக் கடத்தும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையைக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில், இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 821ஆம் எண்ணுள்ள ஆவணமாக வெளியிட்டார். அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், இராணுவ அமைப்புகள் ஆகியவற்றின் சில நூறு கணினிகள் மட்டுமே. அனுப்புநர் பொய் சொல்லக்கூடும் என்ற எண்ணத்துக்கு அந்த வடிவமைப்பில் இடமே வைக்கப்படவில்லை.

இரண்டு சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும்போது நடக்கும் உரையாடலை அருகில் சென்று பார்த்தால் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தெரியும். அனுப்பும் சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்கிறது. அடுத்து ‘மெயில் ஃப்ரம்’ என்ற கட்டளையில், அஞ்சல் திரும்பினால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. பிறகு ‘ஆர்சிபிடி டூ’ என்ற கட்டளையில் பெறுநரின் முகவரி வருகிறது. அதன்பின் ‘டேட்டா’ என்று சொல்லிவிட்டு அஞ்சலின் முழு உரையையும் கொட்டுகிறது. அந்த உரைக்குள்ளேயே ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் வரி ஒன்று தனியாக இருக்கிறது. உறைமேல் எழுதிய முகவரியும் உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் எழுதிய முகவரியும் வேறுவேறாக இருக்கலாம் அல்லவா, அதே ஏற்பாடுதான் இது. தபால்காரர் உறையைப் பார்க்கிறார், வாசகர் கடிதத்தைப் பார்க்கிறார். மின்னஞ்சலிலோ வாசகரின் கைக்கு வருமுன் உறை கிழித்து எறியப்பட்டுவிடுகிறது. திரையில் நமக்குத் தெரியும் முகவரி கடிதத்துக்குள் இருந்த வரி. அதை நெறிமுறை எந்த இடத்திலும் சோதிப்பதில்லை.

இத்துடன் மூன்றாவது அடுக்கு ஒன்றும் இருக்கிறது. ‘ஃப்ரம்’ வரியில் முகவரிக்கு முன்னால் ஒரு பெயரையும் இடலாம். கைப்பேசிச் செயலிகள் பல, இடம் போதாமையால் அந்தப் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. ஆகவே முகவரியைக் கூடப் பொய்யாக்காமல், புதிதாகத் தொடங்கிய ஒரு சாதாரணக் கணக்கின் பெயர்ப் பகுதியில் மேலாளரின் பெயரை எழுதினாலே போதும் என்ற நிலை உருவாகிறது. தொழில்நுட்ப அளவில் இதைவிட எளிய ஏமாற்று இல்லை. எந்தத் தடுப்பு நெறிமுறையும் இதைப் பிடிக்காது.

அஞ்சலில் அடையாளத்தை உறுதிசெய்யப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

1. எஸ்பிஎஃப்: ஒரு டொமைனின் (அஞ்சல் முகவரியில் ‘@’ குறிக்குப் பின் வரும் பெயரின்) உரிமையாளர், தம் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த ஐபி முகவரிகளுக்கு, அதாவது கணினிகளை அடையாளம் காட்டும் எண்களுக்கு, அனுமதி உண்டு என்பதை இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் வெளியிடுகிறார். பெறும் சர்வர் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஆனால் இது சோதிப்பது உறைமேல் இருக்கும் முகவரியை. வாசகர் பார்க்கும் முகவரியை அல்ல. மேலும், ஒரு கணக்குக்கு வரும் அஞ்சலை இன்னொரு கணக்குக்குத் தானாகவே திருப்பிவிடும்போது அனுப்பும் சர்வர் மாறிவிடுவதால் நேர்மையான அஞ்சலும் இதில் தோற்றுப்போகிறது.

2. டிகிம்: அனுப்பும் டொமைன் அஞ்சலின் உரையிலும் முக்கியமான தலைப்பு வரிகளிலும் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது, அதைச் சோதிப்பதற்கான பொதுத் திறவுகோல் டிஎன்எஸ்ஸில் கிடைக்கிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆனால் கையொப்பம் இட்ட டொமைனும் வாசகர் பார்க்கும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் டிகிமில் இல்லை.

3. டிமார்க்: 2012இல் அறிமுகமாகி 2015இல் ஆர்எஃப்சி 7489 ஆக வெளிவந்த இது, மேற்கண்ட இரண்டிலும் விட்டுப்போன இணைப்பைத் தருகிறது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறியிருக்க வேண்டும். தேறிய டொமைன் வாசகருக்குத் தெரியும் ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன் உரிமையாளரே அறிவிக்கிறார்: எதுவும் செய்ய வேண்டாம், குப்பைப் பெட்டியில் போடு, ஏற்காதே என்று மூன்று நிலைகள் உண்டு.

நடைமுறையில் கோளாறு அந்த முதல் நிலையில்தான் ஒளிந்திருக்கிறது. டிமார்க் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் பல, ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகின்றன. அறிக்கைகள் வந்து குவியும். போலி அஞ்சல்களும் தடையின்றிப் போய்ச்சேரும். சம்பளப் பட்டியல் அனுப்பும் வெளிச் சேவை, செய்திமடல் அனுப்பும் வெளிச் சேவை என்று தம் பெயரில் யார் யார் அஞ்சல் அனுப்புகிறார்கள் என்பதே நிறுவனத்துக்கு முழுமையாகத் தெரியாததால், கடைசி நிலைக்கு நகர்ந்தால் நல்ல அஞ்சலும் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோர் இந்த மூன்று ஏற்பாடுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே காலத்தில் ஒத்த விதிகளைக் கொண்டுவந்தது. இதற்கு முன் வெளியான எந்த அறிவுரையும் செய்யாததை இந்த வணிகக் கட்டாயம் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

சந்தேகத்துக்குரிய அஞ்சலைச் சோதிக்க விரும்புபவர், அஞ்சல் செயலியில் மூல வடிவத்தைக் காட்டும் வசதியைத் திறந்து, சோதனை முடிவுகள் எழுதப்பட்ட தலைப்பு வரியைத் தேடலாம். அதில் எஸ்பிஎஃப் தேறியது, டிமார்க் தேறவில்லை என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. தாக்குபவர் தம் சொந்த டொமைனை உறைமேல் எழுதி எஸ்பிஎஃப் சோதனையைக் கடந்திருக்கிறார். கடிதத்துக்குள் வேறொருவரின் டொமைனை எழுதியதால் டிமார்க்கில் மாட்டிக்கொண்டார் என்பது அதன் பெரும்பாலான பொருள்.

மூன்றும் தேறியிருந்தாலும் அனுப்பியவர் நேர்மையானவர் என்று ஆகிவிடாது. தாக்குபவர் உண்மையான பெயரைப் போலவே தோன்றும் புதிய டொமைனைப் பதிவுசெய்து, அதற்கு மூன்று ஏற்பாடுகளையும் முறையாக அமைத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்து வரிசையின் ‘அ’ ஒலி எழுத்தும் ஆங்கிலத்தின் ‘ஏ’ எழுத்தும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை இருவேறு குறியீடுகள். பிரவுசர்கள் இத்தகைய கலப்புப் பெயர்கள் பலவற்றைக் கண்டுபிடித்து, ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் குறியீட்டு வடிவில் காட்டி எச்சரிக்கின்றன. எல்லாவற்றையும் அவை பிடித்துவிடுவதில்லை. முகவரிப் பட்டையில் தெரிந்த பூட்டுப் படத்தையும் மக்கள் நேர்மைக்கான சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள். அது சொன்னது, அந்த டொமைனுக்கான இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. டொமைன் யாருடையது என்பதை அல்ல. இந்தத் தவறான புரிதலைக் காரணம் காட்டியே 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை நீக்கியது.

அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பிடம் 2023இல் பதிவான புகார்களில், வணிக மின்னஞ்சல் மோசடியால் ஏற்பட்ட இழப்பு மட்டும் 290 கோடி டாலருக்கு மேல். இந்த எண்ணிக்கையில் ஸ்பூஃபிங்கும் கணக்குக் கைப்பற்றலும் கலந்தே இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

## ஐபி முகவரி: பதில் வராத இடத்தில் பதிலே ஆயுதம்

இணையத்தில் எல்லாத் தகவலும் சிறு பாக்கெட்டுகளாகவே பயணிக்கிறது. ஐபி நான்காம் பதிப்பில் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் குறைந்தது 20 பைட் நீளமுள்ள தலைப்பு இருக்கும். அதில் 4 பைட் அனுப்பும் கணினியின் முகவரிக்கும், அடுத்த 4 பைட் சேர வேண்டிய முகவரிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் உள்ள ரூட்டர், பாக்கெட்டைக் கடத்துவதற்குச் சேர வேண்டிய முகவரியை மட்டுமே பார்க்கிறது. அனுப்பிய முகவரி சரியா என்று பார்ப்பது அதன் வேலையில் சேராது.

அப்படியானால் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் இட்டு ஒரு வங்கியின் சர்வரோடு பேசலாமா? முடியாது, காரணம் நம்முடைய இரண்டாவது கேள்வி. இரு கணினிகள் முதலில் இணைப்பை உறுதிசெய்துகொண்டு பேசும் முறை டிசிபி. அந்த இணைப்பு தொடங்கும்போது சர்வர் 32 பிட் நீளமுள்ள வரிசை எண் ஒன்றை அனுப்பும். அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் இணைப்பு உறுதியாகும். பொய்யான முகவரி இட்டவருக்கு அந்த எண் வந்து சேராது. அவர் அதை ஊகிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த ஊகம் சாத்தியமாகவே இருந்தது. 1985இல் ராபர்ட் மோரிஸ் என்ற ஆய்வாளரும் 1989இல் ஸ்டீவன் பெலோவின் என்ற ஆய்வாளரும் இந்த ஆபத்தைக் கட்டுரைகளில் விளக்கியிருந்தார்கள். 1994 டிசம்பர் 25 அன்று, பாதுகாப்பு ஆய்வாளர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது நடந்ததும் பின்னர் ஹேக்கர் கெவின் மிட்னிக்கோடு தொடர்புபடுத்தப்பட்டதுமான தாக்குதலில் அது நடந்தேறியது. அதன் படிகள் இவை:

1. இலக்குக் கணினி, குறிப்பிட்ட ஒரு சர்வரின் ஐபி முகவரியிலிருந்து வரும் கட்டளைகளைக் கடவுச்சொல் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தது.

2. தாக்குபவர் அந்தச் சர்வரை அரைகுறை இணைப்புக் கோரிக்கைகளால் திணறடித்து, எதற்கும் பதில் பேச முடியாமல் செய்தார். இல்லையென்றால், கேட்காத பதில் வரும்போது ‘இது நான் தொடங்கிய இணைப்பு அல்ல’ என்று அது மறுத்திருக்கும்.

3. இலக்குக் கணினியோடு சில சோதனை இணைப்புகளை ஏற்படுத்திப் பார்த்ததில், வரிசை எண் ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் சரியாக 128,000 கூடுவது தெரிந்தது.

4. சர்வரின் முகவரியை இட்டு இணைப்பைத் தொடங்கி, வராத பதிலில் இருக்க வேண்டிய எண்ணைக் கணக்கிட்டு எழுதி, எல்லோரையும் நம்பும்படி இலக்குக் கணினியின் அமைப்பை மாற்றும் ஒரே ஒரு கட்டளையை அனுப்பினார். பதில் எதையும் அவர் பார்க்கத் தேவைப்படவில்லை.

இதன்பின், 1996இல் வரிசை எண்களை ஊகிக்க முடியாதபடி உருவாக்கும் முறை ஆர்எஃப்சி 1948 ஆக வெளிவந்தது. ஐபி முகவரியை மட்டுமே வைத்து ஒருவரை நம்பும் வழக்கமும் படிப்படியாக ஒழிந்தது. அந்தப் பழைய வகைத் தாக்குதல் இன்று ஏறத்தாழ வரலாறு.

ஆனால் யூடிபி என்ற இன்னொரு முறையில், இணைப்பை முதலில் உறுதிசெய்யும் அந்தக் கைகுலுக்கலே கிடையாது. கேள்வி ஒரு பாக்கெட்டில் போகும், விடை உடனே வரும். தாக்குபவர் தம் எதிரியின் முகவரியை ‘அனுப்பியவர்’ என்று இட்டு, ஆயிரக்கணக்கான பொதுச் சர்வர்களிடம் சிறு கேள்விகளைக் கேட்கிறார். விடைகள் எல்லாம் எதிரியின்மேல் கொட்டுகின்றன. கேள்வியைவிட விடை பெரியதாக இருந்தால் தாக்குதலின் பலமும் அத்தனை மடங்கு கூடும். நேர ஒத்திசைவுக்கான என்டிபி சர்வர்களின் பழைய கட்டளை ஒன்று ஏறத்தாழ 556 மடங்கு பெருக்கியது. மெம்கேஷ்டு என்ற மென்பொருள், யூடிபி வழியாக இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்தபோது 51,000 மடங்கு வரை பெருக்கக்கூடியதாக இருந்தது. 2018 பிப்ரவரி 28 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின்மேல் நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் பாய்ந்த வெள்ளம் இப்படி உருவானதே.

இதற்கான மருந்து 2000 மே மாதத்திலேயே ஆர்எஃப்சி 2827 ஆக எழுதப்பட்டுவிட்டது. பிசிபி 38 என்ற பெயரில் அது அறியப்படுகிறது. இணையச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எந்த முகவரிகளை ஒதுக்கியிருக்கிறதோ, அவற்றைத் தவிர வேறு முகவரி இட்டு வெளியேறும் பாக்கெட்டுகளை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த வாசலில் மட்டுமே இந்தச் சோதனை எளிது. பாக்கெட் இரண்டு மூன்று வலையமைப்புகளைக் கடந்துவிட்டால், அது பொய்யா மெய்யா என்று சொல்ல யாராலும் இயலாது.

கால் நூற்றாண்டு ஆகியும் ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை? வடிகட்டியை அமைக்கும் செலவும் தவறாக அமைத்தால் வரும் வசையும் ஒரு நிறுவனத்துக்கு. அதனால் காப்பாற்றப்படுபவரோ உலகின் வேறொரு மூலையில் இருக்கும், அந்த நிறுவனத்துக்கு ஒரு காசும் தராத யாரோ ஒருவர். ஸ்பூஃபிங் நீடிப்பதற்கான காரணம் அறிவுப் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதை ஏற்க முடியவில்லை. மருந்தின் விலையைக் கொடுப்பவரும் நோயால் துன்புறுபவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பதே முதன்மைக் காரணம்.

## உள்வலையமைப்பும் டிஎன்எஸ்ஸும்

ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள், எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்பதை ஏஆர்பி என்ற 1982ஆம் ஆண்டு நெறிமுறை வழியாக அறிந்துகொள்கின்றன. யாரும் கேட்காமலே ‘அந்த ஐபி என்னுடையது’ என்று ஒரு கருவி அறிவித்தால் மற்றவை பெரும்பாலும் அதை ஏற்றுக் குறித்துக்கொள்ளும். ரூட்டரின் முகவரியை இப்படி உரிமை கொண்டாடினால் அனைவரின் போக்குவரத்தும் தாக்குபவர் வழியாகப் போகும். இணையதளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்துக்கு மாறிவிட்டதால், வழியில் நிற்பவருக்குப் படிக்கக் கிடைப்பது இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அலுவலக வலையமைப்புகளில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் கருவிகளே இத்தகைய பொய் அறிவிப்புகளைச் சோதித்து நிறுத்த முடியும்.

டிஎன்எஸ் விவகாரம் இதைவிடச் சுவையானது. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் இந்த அமைப்பில், கேள்விக்கும் விடைக்கும் பொருத்தம் பார்க்க 16 பிட் எண் ஒன்று இருக்கிறது. அதாவது 65,536 வாய்ப்புகள். உண்மையான விடை வருவதற்குள் சரியான எண்ணோடு பொய் விடையைக் கொடுத்துவிட்டால், அது சேமிக்கப்பட்டு எல்லாப் பயனர்களுக்கும் பரிமாறப்படும். ஒருமுறை தோற்றால் சேமிப்புக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் இது பெரிய ஆபத்தாகக் கருதப்படவில்லை. 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் வழியைக் கண்டறிந்தார். இல்லாத துணைப் பெயர்களை அடுத்தடுத்துக் கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் புதிய வாய்ப்பு; பொய் விடையோடு ‘இந்த டொமைனுக்கே பொறுப்பான சர்வர் இது’ என்ற கூடுதல் குறிப்பையும் நுழைக்கலாம். இதை அவர் வெளியில் சொல்லாமல் மென்பொருள் நிறுவனங்களைக் கூட்டி, ஜூலை 8 அன்று ஒரே நேரத்தில் திருத்தங்களை வெளியிடவைத்தார். திருத்தம் எளியது: கேள்வி கணினியின் எந்த வாயில் வழியாகப் போகிறது என்பதைக் குறிக்கும் போர்ட் எண்ணையும் ஊகிக்க முடியாததாக்குவது. நிலையான தீர்வான டிஎன்எஸ்செக், விடைகளில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. அதன் உச்சியான ரூட் 2010இல் கையொப்பமிடப்பட்டும், கீழே உள்ள டொமைன்களில் பல இன்றும் கையொப்பம் இல்லாமலே இருக்கின்றன.

## தொலைபேசி எண்ணும் குறுஞ்செய்தியும்

தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற முறை, ஒரு சில தொலைபேசி நிறுவனங்கள் மட்டுமே இருந்த 1970களில் உருவானது. அழைக்கும் எண்ணை முதல் நிலையம் சொல்லும், மற்றவை நம்பும். இணையவழி அழைப்பு வந்தபின் அந்த ‘முதல் நிலையம்’ ஒரு சாதாரணக் கணினியாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது. அழைக்கும் எண் ஒரு மென்பொருளில் நிரப்பும் கட்டம் மட்டுமே.

குறுஞ்செய்தியில் அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்து வரையிலான பெயரை இட முடியும். கைப்பேசியோ, ஒரே பெயரில் வரும் செய்திகளை ஒரே வரிசையில் அடுக்குகிறது. ஆகவே பதிவுக் கட்டுப்பாடு இல்லாத வலையமைப்புகளில், வங்கியின் பெயரை இட்டு அனுப்பிய பொய்ச் செய்தி, வங்கி உண்மையாகவே அனுப்பிய ஓடிபி செய்திகளுக்குக் கீழே, அதே உரையாடலின் தொடர்ச்சியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கையான பயனர்கள்கூட இதில் விழுவது இயல்பு. அவர்களுடைய கைப்பேசியே பொய்க்குச் சாட்சி சொல்கிறது.

அழைப்புகளுக்கு ஸ்டிர்/ஷேக்கன் என்ற கையொப்ப முறை உருவாகியிருக்கிறது. அழைப்பைத் தொடங்கிவைக்கும் நிறுவனம் மூன்று நிலைகளில் ஒன்றைச் சான்றளிக்க வேண்டும்: ஒன்று, வாடிக்கையாளரையும் தெரியும், அந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமையும் உண்டு; இரண்டு, வாடிக்கையாளரைத் தெரியும், எண்ணைப் பற்றி உறுதி இல்லை; மூன்று, அழைப்பு எங்கிருந்து உள்ளே வந்தது என்பது மட்டுமே தெரியும். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30க்குள் தம் ஐபி வலையமைப்புகளில் இதை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. அழைப்பு வழியில் பழைய வகை வலையமைப்பு ஒன்றைக் கடந்தால் கையொப்பம் தொலைந்துவிடும். நாடுகளுக்கு இடையிலான அழைப்புகளில் இந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்தே கிடக்கிறது.

இங்கே சாதாரணப் பயனருக்குக் கைகொடுப்பது மறுபடியும் அந்த இரண்டாவது கேள்வி. பொய்யான எண்ணிலிருந்து வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்திலோ அதிகாரபூர்வ தளத்திலோ இருக்கும் எண்ணை நாமே அழைத்தால், அழைப்பு உண்மையான உரிமையாளருக்கே போகும். ‘இணைப்பைத் துண்டிக்காதீர்கள்’ என்று மோசடிக்காரர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

## வானத்திலிருந்து வரும் பொய்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் தரைக்கு வரும் சமிக்ஞை மிக மெலிந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையின் அமைப்பும் எல்லோரும் அறிந்தது. அருகிலிருந்து சற்று வலுவாக அதே வடிவில் ஒலிபரப்பினால் கருவி அதையே பற்றிக்கொள்ளும். 2013இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வுக் குழு, உரிமையாளரின் ஒப்புதலோடு மத்திய தரைக்கடலில் 65 மீட்டர் நீளமுள்ள உல்லாசப் படகு ஒன்றை இப்படிப் பாதை மாறச்செய்து காட்டியது. 2017 ஜூனில் கருங்கடலில் 20க்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை நிலத்தில் உள்ள கெலெஞ்சிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தம் தகவலை டிஜிட்டல் முறையில் உறுதிசெய்யும் வசதியைத் தருகின்றன. எனினும் உண்மையான சமிக்ஞையைப் பதிவுசெய்து சற்றுத் தாமதமாக மறு ஒலிபரப்புச் செய்வதை அது தனியாகத் தடுத்துவிடாது.

## முகமே சான்றாக இருந்தபோது

2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் வெளிவந்த ஒரு மோசடியில், காணொளிக் கூட்டத்தில் தலைமை நிதி அதிகாரியும் பிற சக ஊழியர்களும் தோன்றிப் பேசியதை நம்பி, ஓர் ஊழியர் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். பார்த்த முகங்கள் எல்லாம் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. பாதிக்கப்பட்டது தாங்கள்தான் என்று ஆரப் என்ற பொறியியல் நிறுவனம் பின்னர் உறுதிசெய்தது. அஞ்சலைச் சந்தேகித்தால் அழைத்துப் பேசிப் பாருங்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட அறிவுரை இங்கே பாதியாகிவிடுகிறது. யார் அழைப்பைத் தொடங்கினார்கள் என்பதே இப்போது முக்கியம்: அவர்கள் அனுப்பிய இணைப்பில் முகத்தைப் பார்ப்பதும், முன்பே நம்மிடம் இருக்கும் எண்ணில் நாம் அழைப்பதும் ஒன்றாகாது.

## யார் என்ன செய்ய முடியும்

1. தனிநபர்கள்: முக்கியக் கணக்குகளுக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியே உள்நுழைவை உறுதிசெய்யும் பாஸ்கீ வசதி இருந்தால் அதற்கு மாறலாம். பாஸ்கீ எந்த டொமைனுக்காக உருவாக்கப்பட்டதோ அந்த டொமைனில் மட்டுமே வேலை செய்யும். கண்ணை ஏமாற்றும் போலித் தளம் முன்னால் இருந்தாலும் கருவி பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு மறுத்துவிடும். ஓடிபிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அதை எங்கே தட்டச்சுச் செய்வது என்று முடிவெடுப்பவர் மனிதர்.

2. நிறுவனங்கள்: டிமார்க்கை ‘ஏற்காதே’ நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அஞ்சலே அனுப்பாத, சும்மா பதிவுசெய்து வைத்திருக்கும் டொமைன்களுக்கும் ‘யாருக்கும் அனுமதி இல்லை’ என்ற எஸ்பிஎஃப் பதிவை இட வேண்டும். மறக்கப்பட்ட அந்தப் பெயர்களையே தாக்குபவர்கள் தேடுகிறார்கள். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லும் எந்தக் கோரிக்கையும், யாரிடமிருந்து வந்தாலும், இரண்டாவது வழியில் இரண்டாவது நபரால் உறுதிசெய்யப்பட வேண்டும்.

3. இணையச் சேவை நிறுவனங்கள்: பிசிபி 38 வடிகட்டல். தம் வலையமைப்பிலிருந்து பொய் முகவரியிட்ட பாக்கெட்டுகள் வெளியேற முடிகிறதா என்று சோதிக்க, கைடா ஆய்வு மையத்தின் ஸ்பூஃபர் திட்டம் ஒரு மென்பொருளை வழங்கியது. கணினியில் நிறுவினால் அதுவே பொய்ப் பாக்கெட்டுகளை அனுப்பி, எவை வெளியே போய்ச்சேர்ந்தன என்று சொல்லும்; முடிவுகள் வலையமைப்பு வாரியாகப் பொதுவில் வெளியிடப்பட்டன. வாடிக்கையாளர் தம் சேவை நிறுவனத்திடம் ‘நீங்கள் வடிகட்டுகிறீர்களா’ என்று கேட்கும்போது, கையில் சான்றோடு கேட்க இது உதவியது.